பழைய பதிப்பு வேண்டுமா? அதன் கூட்டாளிகளையும் சேர்த்துக் கேளுங்கள்

ஒரு மென்பொருளின் பழைய பதிப்பு தேவைப்படும் நாள் எல்லோருக்கும் வரும். நேற்றுவரை ஓடிய நிரல், அப்டேட் போட்டதும் ஓட மறுக்கும். சில வருடங்களுக்கு முன் யாரோ எழுதிவைத்த ஆய்வு நிரலை, அதே விடை வரும்படி மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். சர்வரில் ஒரு பதிப்பு, உங்கள் கணினியில் வேறு பதிப்பு இருக்கும். பிழையோ சர்வரில் மட்டும் தலைகாட்டும்.

கட்டளை என்னவோ சின்னதுதான். பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். கொடுத்துப் பார்த்தால், பல சமயம் சார்புகள் (அது ஓடத் தேவையான மற்ற மென்பொருள்கள்) நிறைவேறவில்லை என்று நீளமாக ஒரு புகார் வந்து விழும். சில சமயம் சத்தமில்லாமல் நிறுவிவிட்டு, ஓட்டும்போது பிழை காட்டும். இந்த இரண்டாவது வகைதான் அதிகம் அலைக்கழிப்பது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. எந்த மென்பொருளும் தனியாக வாழ்வதில்லை. வேறு பல லைப்ரரிகளின், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளின் மேல் ஏறி நிற்கிறது. பழைய பதிப்பு ஒன்றைக் கேட்கும்போது, அது வெளியான காலத்தில் அதைச் சுற்றி இருந்த லைப்ரரிகளையும் சேர்த்தேதான் நாம் கேட்கிறோம். மென்பொருளை நிறுவித்தரும் கருவியான பேக்கேஜ் மேனேஜருக்கு அது தெரியாது. பெயர் சொன்ன ஒன்றை மட்டும் பழையதாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு வழக்கம்போல் புதியதைத் தேடிப் போகும். பழைய பதிப்பு நிறுவுவதில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில் பிறக்கிறது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் மேனேஜர் என்ன கணக்குப் போடுகிறது?

ஒவ்வொரு பேக்கேஜோடும், அதாவது நிறுவுவதற்காகக் கட்டிவைத்த மென்பொருளோடும், ஒரு குறிப்பு வரும். என் பெயர் இது, பதிப்பு இது, நான் ஓட இன்னின்ன வேண்டும், இன்னதோடு சேர்ந்து இருக்க முடியாது என்று அதில் எழுதியிருக்கும். சில தேவைகள் தளர்வானவை: “2.10 அல்லது அதற்கு மேல் எதுவானாலும் சரி.” சில இறுக்கமானவை: “சரியாக இந்தப் பதிப்புதான் வேண்டும்.” இந்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றும் ஒரு கூட்டணியைக் கண்டுபிடிப்பதுதான் பேக்கேஜ் மேனேஜரின் வேலை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பேக்கேஜ்களும் பதிப்புகளும் கூடக்கூட, கணினி அறிவியலில் கடினமானவை என்று வகைப்படுத்தப்பட்ட கணக்குகளோடு இதுவும் சேர்ந்துவிடுகிறது. அதனால் நடைமுறையில் எல்லா மேனேஜர்களும் ஏதாவது குறுக்குவழி வைத்திருக்கின்றன. எந்தக் குறுக்குவழி என்று தெரிந்துகொண்டால், அது ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

ஆப்ட்: பழைய கர்ல் கேட்டால் நடப்பது

லினக்ஸின் டெபியன், உபுண்டு குடும்பத்தில் இருக்கும் மேனேஜரான ஆப்ட்டை எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரே ஒரு பதிப்பை வேட்பாளராக முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். சாதாரணமாக, கிடைப்பதில் புதியதே வேட்பாளர். ‘ஆப்ட்-கேச் பாலிசி’ என்று தட்டிப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால், இப்போது எது நிறுவப்பட்டிருக்கிறது, வேட்பாளர் எது, வேறு என்னென்ன பதிப்புகள் எந்தக் களஞ்சியத்தில் (பேக்கேஜ்களைச் சேர்த்து வைத்திருக்கும் சர்வரில்) கிடைக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். பழைய பதிப்பு தேடுகிறவர் முதலில் தட்ட வேண்டிய கட்டளை இதுதான். எண்ணை மனக்கணக்கில் எழுதாமல் அங்கிருந்து அப்படியே நகலெடுங்கள். டெபியனின் பதிப்பு எண்ணுக்கு நீளமான வால் உண்டு. அதில் ஓர் எழுத்து குறைந்தாலும் அப்படி ஒரு பதிப்பு இல்லை என்று சொல்லிவிடும்.

டெபியன் 12-இல், இணைய முகவரியிலிருந்து தரவை இறக்கித்தரும் கர்ல் மென்பொருளின் பதிப்பு 7.88.1-10+டெப்12யு8 என்பது போல இருக்கும். 7.88.1 என்பது கர்லை எழுதுகிறவர்கள் கொடுத்த எண். கோட்டுக்குப் பின் வரும் 10, டெபியன்காரர்கள் அதை எத்தனையாவது முறை கட்டினார்கள் என்பது. கடைசித் துண்டு, டெபியன் 12 வெளியான பிறகு வந்த எட்டாவது திருத்தம் என்று சொல்கிறது.

இப்போது ஏழாவது திருத்தத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆப்ட் இன்ஸ்டால் கர்ல்=’ என்று தொடங்கி அந்த எண்ணைக் கொடுக்கிறீர்கள். வரும் பதிலின் சாரம் இது: கர்லுக்கு லிப்கர்ல்4 சரியாக ஏழாவது திருத்தத்தில் வேண்டும், ஆனால் எட்டாவது அல்லவா நிறுவப்படவிருக்கிறது?

கர்ல் என்ற கட்டளையும் லிப்கர்ல்4 என்ற லைப்ரரியும் ஒரே மூல நிரலிலிருந்து கட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும் என்று குறிப்பில் ‘=’ போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் கர்லை மட்டும் பழையதாகக் கேட்டீர்கள். லிப்கர்லுக்கு வேட்பாளர் இன்னும் எட்டாவது திருத்தம்தான். பழைய லிப்கர்ல் அதே களஞ்சியத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், வேட்பாளர் அல்லாத பதிப்பைத் தானாக எடுக்காமல் இருப்பதுதான் ஆப்ட் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் முறை.

தீர்வு எளிது. இரண்டின் பெயரையும் ஒரே கட்டளையில், இரண்டுக்கும் ‘=’ போட்டுப் பழைய எண்ணோடு கொடுத்தால் வேலை முடிந்தது. மூன்றாவதாக ஒன்றைப் பற்றிப் புகார் வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மூலத்திலிருந்து வந்த பேக்கேஜ்கள் பெரும்பாலும் ஒரே எண்ணைச் சுமந்திருக்கும் என்பதால் அடையாளம் காண்பது சுலபம். பிழைச் செய்தியைப் பார்த்துப் பயந்து கட்டாயப்படுத்தும் வழிகளைத் தேடாதீர்கள். அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பெயர், எண் சகிதம் எழுதிக் கொடுக்கும் பட்டியல் அது.

செய்வதற்கு முன் ‘-எஸ்’ சேர்த்து ஒத்திகை பார்த்துவிடுங்கள். என்னென்ன நீக்கப்படும், எது கீழிறக்கப்படும் என்று ஆப்ட் சொல்லிவிட்டு எதையும் தொடாமல் நின்றுவிடும். நீக்கப்படும் பட்டியலில் நீங்கள் எதிர்பார்க்காத பத்துப் பேக்கேஜ்கள் இருந்தால், அந்த வழியை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

அப்புறம், நிறுவியதோடு வேலை முடிவதில்லை. அடுத்த அப்கிரேடு எல்லாவற்றையும் மறுபடி புதியதாக்கிவிடும். ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு’ போட்டு நிறுத்திவைக்க வேண்டும். கர்லை மட்டுமல்லாமல் லிப்கர்லையும் சேர்த்து.

தேடும் பதிப்பு பட்டியலிலேயே இல்லாமல் இருப்பதும் சகஜம். புதிய திருத்தம் வந்ததும் பழையதைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். டெபியனுக்கு இதற்கென்றே ‘ஸ்னாப்ஷாட்’ என்ற காப்பகம் உண்டு. 2005-இலிருந்து, அன்றன்று களஞ்சியம் இருந்த நிலையை அப்படியே சேமித்து வைத்திருக்கிறது. தேதியும் நேரமும் உள்ள முகவரியை ஆப்ட்டின் களஞ்சியப் பட்டியலில் எழுதினால், அந்த நாளின் டெபியன் உங்கள் முன் வந்து நிற்கும். பழைய பட்டியல்களின் செல்லுபடிக் காலம் முடிந்திருக்கும் என்பதால், அந்தச் சோதனையை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் நிறுத்தச் சொல்லவேண்டி வரும். இந்தக் காப்பகத்தைப் பராமரிப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தாலே, அன்று ஒன்றோடொன்று பொருந்தி இருந்த எல்லாப் பதிப்புகளும் சேர்ந்து கிடைத்துவிடுகின்றன.

பிப்: சத்தமில்லாமல் நிறுவி, ஓடும்போது உடைவது

பைத்தான் மொழியின் மேனேஜரான பிப் இதற்கு நேர் எதிர்க் குணம். பழைய பதிப்புகளைத் தானாகவே பின்னோக்கித் தேடிப் பார்க்கும். 2020-இல் வந்த 20.3 பதிப்பிலிருந்து இதற்குப் புதிய கணக்கு முறையே போட்டிருக்கிறார்கள். இருந்தும் பழைய பதிப்பு நிறுவுவது இங்கேதான் அதிகம் சிக்கலாகிறது. ஃபிளாஸ்க் என்ற இணையச் சட்டகத்தை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

ஃபிளாஸ்க் 1.1.2 வந்தது 2020 ஏப்ரலில். அதற்கு வேண்டியவை ஜிஞ்சா, வெர்க்சோய்க், இட்ஸ்டேஞ்சரஸ், கிளிக் என்ற நான்கு. குறிப்பில் “ஜிஞ்சா 2.10.1 அல்லது அதற்கு மேல்” என்பது போலக் கீழ் எல்லை மட்டுமே இருக்கிறது, மேல் எல்லை இல்லை. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022-இல் ஜிஞ்சா எப்படி இருக்கும் என்று 2020-இல் யாருக்குத் தெரியும்?

இன்று ‘பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க்==1.1.2’ என்று தட்டுங்கள். எந்தப் புகாரும் இல்லாமல் நிறுவும். ஃபிளாஸ்க் பழையது, மற்ற நான்கும் இன்றைய தேதியில் புதியவை. ‘பிப் செக்’ என்று சரிபார்க்கச் சொன்னாலும், எல்லாத் தேவைகளும் நிறைவேறியிருப்பதாகவே பதில் வரும். குறிப்பின்படி அது உண்மைதான். ஆனால் நிரலில் ஃபிளாஸ்கை இம்போர்ட் செய்த கணமே, ஜிஞ்சாவில் ‘எஸ்கேப்’ என்ற பெயர் இல்லை என்று நின்றுவிடும். 2022 மார்ச்சில் வந்த ஜிஞ்சா 3.1 அதை நீக்கிவிட்டது.

சரி, ஜிஞ்சாவை 3-க்குக் கீழே இறக்குகிறீர்கள். இப்போது ஜிஞ்சாவே உடைகிறது. அது மார்க்கப்சேஃப் என்ற இன்னொரு லைப்ரரியில் ‘சாஃப்ட்_யூனிகோட்’ என்ற ஃபங்ஷனைத் தேடுகிறது, மார்க்கப்சேஃப் 2.1 அதைத் தூக்கிவிட்டது. அதையும் 2.1-க்குக் கீழே இறக்கினால், இட்ஸ்டேஞ்சரஸில் ‘ஜேசன்’ காணவில்லை என்று வரும். அதைச் சரிசெய்தால் வெர்க்சோய்க்கில் ‘பேஸ்ரெஸ்பான்ஸ்’ காணவில்லை என்று வரும். ஒவ்வொரு பிழையையும் தனித்தனியாக இணையத்தில் தேடி, கிடைத்த விடையை ஒட்டி, அடுத்த பிழைக்கு நகர்கிறவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதே போய்விடும். தனித்தனிப் பிழைகளாகத் தெரிந்தாலும் நோய் ஒன்றுதான். 2020-ஐச் சேர்ந்த ஒரு பேக்கேஜ், தனக்குப் பின்னால் வந்த லைப்ரரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். காலத்தை மொத்தமாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். பைத்தானுக்கான யுவி என்ற புதிய மேனேஜரில் ‘எக்ஸ்க்ளூட்-நியூவர்’ என்ற தெரிவு உண்டு. 2021 ஜனவரி 1 என்று தேதி கொடுத்தால், அதற்குப் பிறகு வெளியான எதுவும் இல்லாதது போலவே அது கணக்குப் போடும். ஃபிளாஸ்க் 1.1.2-உடன் ஜிஞ்சா 2.11.2, வெர்க்சோய்க் 1.0.1, இட்ஸ்டேஞ்சரஸ் 1.1.0, மார்க்கப்சேஃப் 1.1.1 என்று, ஒன்றோடொன்று பழகிய பழைய கூட்டாளிகளே வந்து சேர்வார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் என்பிஎம்மில் ‘பிஃபோர்’ என்ற தெரிவு இதே வேலையைச் செய்கிறது. பிப் மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால், அந்தப் பழைய எண்களைத் தனிக் கோப்பில் எழுதி ‘-சி’ என்ற தெரிவோடு கட்டுப்பாட்டுக் கோப்பாகக் கொடுக்கலாம். எந்த எண்கள் என்று கண்டுபிடிக்க, பைத்தான் பேக்கேஜ்களின் களஞ்சியமான பைபிஐ தளத்தில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் இருக்கும் வெளியீட்டு வரலாற்றுப் பக்கத்தைத் தேதியோடு ஒப்பிட்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பைத்தானும் ஒரு சார்புதான். கணக்கீட்டு லைப்ரரியான நம்பையின் 1.19 போன்ற பழைய பதிப்பைப் பைத்தான் 3.12-இல் நிறுவப் பார்த்தால், அந்தப் பைத்தானுக்கென்று முன்கூட்டியே கட்டிய கோப்பு இருக்காது. மூல நிரலிலிருந்து கட்ட முயன்று தோற்கும். அந்தக் காலத்தில் கட்டுவதற்குப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12-இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. திரை முழுக்கக் கம்பைலர் பிழைகள் ஓடினால், பேக்கேஜை விட்டுவிட்டு முதலில் பைத்தானின் பதிப்பைப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டு நிரலுக்குப் பைத்தான் 3.8 தான் சொந்த ஊர்.

சோதனை எல்லாவற்றையும் தனி மெய்நிகர்ச் சூழலில் (மற்ற நிறுவல்களைத் தொடாத தனி ஃபோல்டரில்) செய்யுங்கள். பைத்தான் 3.3 முதல் ‘வென்வ்’ கூடவே வருகிறது. உடைந்தால் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

நிரலின் உரிமையாளர் லாக் கோப்பு விட்டுப் போயிருந்தால்

பழைய நிரலோடு ‘பேக்கேஜ்-லாக் டாட் ஜேசன்’ போன்ற கோப்பு இருந்தால் மேலே சொன்ன பாடு எதுவும் வேண்டாம். அன்று நிறுவப்பட்ட ஒவ்வொரு லைப்ரரியும், அதன் லைப்ரரியும் எண்ணோடு அதில் பதிவாகியிருக்கும். என்பிஎம்மில் ‘இன்ஸ்டால்’ என்பதற்குப் பதில் ‘சிஐ’ என்று கொடுங்கள். லாக் கோப்பில் உள்ளதை அப்படியே வைக்கும், தானாக எதையும் மாற்றாது. ஆகவே வழிகாட்டிகளில் சொல்லும் முதல் கட்டளையைத் தட்டுவதற்கு முன், ஃபோல்டரில் லாக் கோப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

மற்ற மேனேஜர்கள்

ஃபெடோரா, ரெட்ஹேட் குடும்பத்தின் டிஎன்எஃப்பில் ‘டவுன்கிரேடு’ என்று நேரடிக் கட்டளையே உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது ‘ஹிஸ்டரி அன்டூ’. நேற்றைய அப்டேட் எதையோ உடைத்ததென்றால், அந்தப் பரிமாற்றத்தை எண் சொல்லித் திருப்பிப்போட அது முயலும். முந்தைய பதிப்புகள் களஞ்சியத்தில் இன்னும் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஆர்ச் லினக்ஸில் பேக்மேன், முன்பு இறக்கிய கோப்புகளைக் கேச் ஃபோல்டரில் வைத்திருக்கும். நீங்கள் துடைக்காமல் இருந்தால் பழைய கோப்பை ‘-யு’ கொடுத்து நிறுவலாம். ஆனால் ஆர்ச்சில் பாதி பழையது, பாதி புதியது என்று கலந்து வைப்பதை அவர்களே ஆதரிப்பதில்லை. தற்காலிக நிவாரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிக்ஸ் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகுகிறது. ஒவ்வொரு பேக்கேஜும், அது கட்டப்பட்ட சார்புகளையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு நீள அடையாளத்தோடு தனி ஃபோல்டரில் இருக்கும். ஒரே லைப்ரரியின் ஐந்து பதிப்புகள் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே கணினியில் வாழலாம். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

களஞ்சியத்திலிருந்தே போய்விட்ட லைப்ரரிகள்

சில வருடங்கள் பழைய மென்பொருளை இன்றைய உபுண்டுவில் நிறுவப் போனவர்கள் பலர், ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் லைப்ரரியான லிப்எஸ்எஸ்எல்1.1 இல்லை என்ற சுவரில் முட்டியிருப்பார்கள். ஓபன்எஸ்எஸ்எல் 3.0 வெளியானது 2021 செப்டம்பரில். உபுண்டு 22.04 வந்தபோது 3 தான் இருந்தது, 1.1-ஐ எடுத்துவிட்டார்கள். இதற்கு இணையத்தில் எங்கும் கிடைக்கும் யோசனை, பழைய உபுண்டுவின் டெப் கோப்பை எடுத்து நிறுவிக்கொள் என்பது. இரண்டின் கோப்புப் பெயர்களும் வேறு என்பதால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவும் செய்யும், வேலையும் நடக்கும். இருந்தும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 1.1.1 வரிசைக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-இல் முடிந்துவிட்டது. புதிய உபுண்டுவுக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் நீங்கள் கையால் வைத்த அந்தக் கோப்பைத் தொடாது.

இப்படிப்பட்ட இடத்தில் கன்டெய்னர்தான், அதாவது தனக்கு வேண்டிய லைப்ரரிகளோடு தனித்து ஓடும் ஒரு பெட்டிதான், சரியான வழி. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் பழைய டெபியன் அல்லது உபுண்டு இமேஜ் ஒன்றை எடுத்து, அதற்குள் அந்த மென்பொருளை நிறுவுங்கள். அதற்கு வேண்டிய காலம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். உங்கள் கணினி இன்றைய நாளிலேயே இருக்கும். ஆதரவு முடிந்துபோன டெபியன் வெளியீடுகளின் பேக்கேஜ்கள் டெபியனின் ஆர்க்கைவ் சர்வரில் இன்றும் கிடைக்கின்றன. முகவரியை அதற்கு மாற்றினால் ஆப்ட் பழையபடி வேலை செய்யும்.

கீழிறங்கும் முன்

மென்பொருள் கீழிறங்கினாலும் அதன் தரவு கூடவே இறங்காது. புதிய பதிப்பு முதல்முறை திறந்தபோதே டேட்டாபேஸையோ அமைப்புக் கோப்பையோ புது வடிவத்துக்கு மாற்றியிருக்கும்; பழைய பதிப்புக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸ் இதற்காகவே 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பில் ஒரு காவல் வைத்தது. புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்கப் போனால் மறுத்து, புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லும். எல்லா மென்பொருளும் இவ்வளவு அக்கறை காட்டாது. எனவே தரவை முதலில் நகலெடுங்கள், அப்புறம் பதிப்பைத் தொடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் எண்ணை மேலோட்டமாகப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 2014 ஏப்ரலில் வெளியே வந்த ஹார்ட்பிளீடு ஓட்டை, ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1-இலிருந்து அதன் ‘எஃப்’ பதிப்பு வரை இருந்தது. ‘ஜி’ பதிப்பில் அடைத்தார்கள். டெபியன் 7-இல் இருந்ததோ ‘இ’ பதிப்பு. அவர்கள் ‘ஜி’க்குத் தாவவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் ‘இ’யின் மேல் வைத்து, வாலை டெப்7யு5 என்று உயர்த்தி வெளியிட்டார்கள். ஆக, அந்த வாலில் 5 இருந்தால் பத்திரம், 4 இருந்தால் ஆபத்து. முன்பகுதி எண் இரண்டிலும் ஒன்றேதான். பழைய பதிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, முன்பகுதி எண் ஒன்றாக இருக்கும்வரை வாலில் பெரிய எண் உள்ளதையே எடுங்கள்; உங்களுக்கு வேண்டிய பழைய நடத்தை பெரும்பாலும் அதிலும் அப்படியே இருக்கும்.

நிறுத்திவைத்த பேக்கேஜ்களைக் கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு’ என்ன நிற்கிறது என்று காட்டும், ஏன் நிற்கிறது என்று சொல்லாது. அதனால் ஹோல்டு போடுவதைவிட, ஆப்ட்டின் பிரிஃபரன்சஸ் ஃபோல்டரில் சிறு கோப்பாக எழுதிவைப்பதையே நான் விரும்புவேன். பேக்கேஜ் பெயர், வேண்டிய பதிப்பு, முன்னுரிமை எண் என்று மூன்று வரிகள். நிறுவப்படாத சாதாரணப் பதிப்புகளுக்கு முன்னுரிமை 500. 1000 அல்லது அதற்கு மேல் கொடுத்தால் கீழிறங்கவும் ஆப்ட் சம்மதிக்கும். இந்தக் கோப்பில் ‘எக்ஸ்ப்ளனேஷன்’ என்று தொடங்கும் வரியை ஆப்ட் கண்டுகொள்ளாது, அது மனிதர்களுக்கானது. எந்தப் பிழைக்காக நிறுத்தினீர்கள், எந்தப் பதிப்பில் சரியானால் விடுவிக்கலாம், எந்தத் தேதியில் எழுதியது என்ற மூன்றையும் அதில் எழுதிவிடுங்கள். விடுவிக்கும் நாளில் கோப்பை அழித்துவிட்டு, ‘-எஸ்’ போட்டு ஒருமுறை ஒத்திகை பார்த்த பின் அப்கிரேடு கொடுக்கலாம்.